காளி, கோவிவன், மணி

போன மாசம் ஒரு விடியக்காலையில எங்க மணி போய்ச் சேர்ந்தான். ஏழு வயசு. கிட்னி ரெண்டும் போயிடுச்சுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார், அதனால எதிர்பார்த்ததுதான். ஆனா எதிர்பார்க்கிறதும் நடக்கிறதும் ஒண்ணு இல்லை, இல்லையா?

முதல் வேலைக்குன்னு பெங்களூர் வந்த புதுசுல, பஸ் ஸ்டாப் பக்கத்துல மழையில நனைஞ்சுக்கிட்டு நின்ன தெருநாய்க்குட்டி அவன். நாலு வாடகை வீடு என்கூட மாறினான்.

அழுது முடிச்சதும் அடுத்த கேள்வி: இப்ப என்ன பண்றது? வீட்டு ஓனர், "தோட்டத்துல குழி எல்லாம் வேண்டாம் தம்பி"ன்னுட்டார். யாரோ கொடுத்த ஒரு நம்பருக்கு போன் பண்ணினா, "சாக்குல கட்டி ரோட்டோரம் வெச்சிடுங்க, வண்டி வந்து எடுத்துக்கும்"னு பதில். ஊருக்குப் போன் போட்டேன். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "நாய்க்கு எதுக்குடா காரியமெல்லாம்? ஆக வேண்டியதைப் பாரு" என்றார்.

கடைசியில ஒரு நண்பன் சொல்லி, ஊருக்கு வெளியே விலங்குகளுக்கான மின் தகன மேடை ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. பழைய பெட்ஷீட்ல சுத்தி, கால்டாக்சிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி எடுத்துக்கிட்டுப் போனேன். எடைக்கு ஏத்த கட்டணம். சாம்பல் வேணும்னா தனியா எரிக்கணும், வேண்டாம்னா மத்ததுகளோட சேர்த்து. தனியான்னு சொன்னேன். ஒரு பாரம் கொடுத்தாங்க. முதல் கட்டமே 'பெயர்'. என் பேரை எழுதப் போனேன். "உங்க பேர் இல்ல சார், அதோட பேர்" என்றார் அங்கிருந்தவர்.

மணின்னு எழுதிட்டு வெளியே வேப்பமரத்தடியில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பதான் கஸ்தூரிபா ரோடு மியூசியத்துல எப்பவோ பார்த்த ஒரு கல் ஞாபகத்துக்கு வந்தது. ஆதகூர் கல்வெட்டு. சும்மா சுத்திப் பார்க்கப் போனப்ப, நாயும் பன்னியும் சண்டை போடுற மாதிரி செதுக்கியிருக்கே, நல்லா இருக்கேன்னு பார்த்துட்டு நகர்ந்துட்டேன். இப்போ அந்தக் கல் வேற மாதிரி தெரியுது.

கதை இதுதான். கி.பி. 949ல தக்கோலத்துல பெரிய யுத்தம். (எங்க ஊர் அரக்கோணம் பக்கம்தான். தக்கோலம் கூப்பிடு தூரம்னு சொல்ல முடியாது, பஸ்ல போற தூரம்.) ஒரு பக்கம் சோழர், பராந்தகனோட மகன் ராஜாதித்தன். இன்னொரு பக்கம் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அவனுக்குத் துணையா அவன் மைத்துனன், கங்க அரசன் பூதுகன். ராஜாதித்தன் யானை மேலயே செத்துப் போனான். 'யானை மேல் துஞ்சிய தேவர்'னு பேரே வந்துடுச்சு. சோழர்களுக்கு அது மரண அடி. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க.

படிக்காத பகுதி இனிமேல்தான். அந்தச் சண்டையில பூதுகனோட வீரன் மணலேரன்னு ஒருத்தன் பிரமாதமா போரிட்டிருக்கான். ராஜா சந்தோஷப்பட்டு "என்ன வேணும், கேளு" என்கிறான். ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். நம்மாளு கேட்டது ராஜாகிட்ட இருந்த ஒரு நாயை. பேரு காளி.

அப்புறம் ஒரு நாள் காட்டுப்பன்னி வேட்டை. காளி ஒரு பெரிய பன்னியோட மோதுது. ரெண்டும் சேர்ந்தே செத்துப் போச்சு. மணலேரன் என்ன பண்ணினான் தெரியுமா? ஆதகூர்ல (இன்னைக்கு மண்டியா மாவட்டம்) சிவன் கோவில் முன்னாடி காளிக்குக் கல் நட்டு, நிலமும் எழுதி வெச்சான். அதோட விடலை. அந்தக் கல்லுக்குப் பூஜை பண்ணாம கோவில் பூசாரி சாப்பிட்டா, அந்த நாய் செஞ்ச பாவமெல்லாம் அவரைச் சேரும்னு கல்வெட்டுலயே சாபம் வேற போட்டு வெச்சிருக்காங்க!

ஒரு பக்கம் சிரிப்பா வருது, இன்னொரு பக்கம் தொண்டை அடைக்குது. தக்கோலப் போர்ல ராஜாதித்தனைக் கொன்னது யாருங்கிற சேதிக்காக வரலாற்று ஆசிரியர்கள் அலசுற கல் அது. ஆனா அது நட்டது போருக்காக இல்லை. ஒரு நாய்க்காக. ஒரு பேரரசோட தோல்வி அதுல போற போக்குல வர்ற முன்கதை, அவ்வளவுதான்.

சரி, அது கன்னட நாட்டுக் கதை, நம்ம பக்கம்? இருக்கே! திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஒரு நடுகல். காளிக்கும் முன்னூறு வருஷம் முந்தினது, மகேந்திரவர்ம பல்லவனோட 34ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவகத்திங்கிற வீரனுக்கான கல். பக்கத்துலயே அவன் நாயையும் செதுக்கியிருக்காங்க. கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு தனியா எழுதி, பேரையும் போட்டிருக்காங்க: கோவிவன்.

1,400 வருஷத்துக்கு முந்தி எத்தனையோ பேர் பொறந்து செத்திருப்பாங்க. அவங்க பேர் ஒண்ணும் நமக்குத் தெரியாது. கோவிவன் பேர் தெரியும்.

இன்னும் பின்னாடி போகலாம். எகிப்துல செங்கடல் கரையில பெரெனிகேன்னு ஒரு பழைய துறைமுகம். நம்ம மிளகு ஏத்தின கப்பல்கள் போய் நின்ன ஊர், தமிழ்-பிராமி எழுத்து பொறித்த பானை ஓடு கூட அங்க கிடைச்சிருக்கு. அந்த ஊர் ஓரத்துல கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டு விலங்குக் கல்லறை ஒண்ணைத் தோண்டினாங்க. 585 விலங்குகள். பெரும்பாலும் பூனை, கொஞ்சம் நாய், இந்தியாவுல இருந்து போன குரங்குகளும் உண்டு. சில பூனைகளுக்குக் கழுத்துப்பட்டை, மணி மாலை. பல் எல்லாம் விழுந்த கிழட்டு விலங்குகளும் இருந்ததால, யாரோ பார்த்துப் பார்த்து சோறு போட்டிருக்கணும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. பாலைவன ஓரத்துல, தண்ணிக்கே திண்டாடுற ஊர்ல!

அதுக்கும் முந்தி? ஜெர்மனியில பான் நகரத்துக்குப் பக்கத்துல ஓபர்காசல்னு ஒரு இடம். 1914ல அங்க ஒரு கல்குவாரியில புதைகுழி அகப்பட்டுது. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. ஏறக்குறைய 14,000 வருஷம் பழசு. 2018ல அந்தக் குட்டியோட பல்லை ஆராய்ஞ்சவங்க, அதுக்கு டிஸ்டெம்பர் நோய் வந்து பல வாரம் படுத்திருக்கணும், மனுஷங்க கவனிப்பு இல்லாம அத்தனை நாள் பிழைச்சிருக்க முடியாதுன்னு சொன்னாங்க. ஏழு மாசத்துலயே செத்துப் போச்சு. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு சீக்காளிக் குட்டி. அதை வெச்சு அவங்களுக்கு என்ன லாபம்?

இடம் இல்லைங்கிற என் பிரச்சினையும் புதுசு இல்லை. 1896ல நியூயார்க்ல ஒரு பெண்மணியோட நாய் செத்துப் போச்சு. நகரத்துல புதைக்க இடமில்லாம அவங்க தவிச்சப்ப, சாமுவேல் ஜான்சன்கிற கால்நடை மருத்துவர் ஹார்ட்ஸ்டேல்ல இருந்த தன் ஆப்பிள் தோட்டத்துல இடம் கொடுத்தார். அந்தத் தோட்டமே பிற்பாடு பெரிய விலங்குக் கல்லறை ஆயிடுச்சு. 1899ல பாரிஸ் பக்கத்துல ஆஸ்னியர்லயும் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் அங்க செத்த நாயைச் சேன் நதியில வீசுறது சர்வ சாதாரணம்.

ஆக, சாக்குல கட்டி ரோட்டோரம் வைக்கிறதும் பழசுதான், கல் நடுறதும் பழசுதான். ரெண்டுமே மனுஷன் பண்ணினதுதான். எதை எடுத்துக்கிறோம்கிறது நம்ம கையில இருக்கு. ஒரு பேர், ஒரு இடம், நினைச்சுக்க ஒரு ஆள். காளிக்கு மணலேரன் பண்ணினது இவ்வளவுதான். இதைப் பணக்காரங்க பொழுதுபோக்குன்னு யாராவது சொன்னா, 14,000 வருஷக் கணக்கைக் காட்டுங்க.

செம்மண் சட்டியில சாம்பலை வாங்கிக்கிட்டு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மாதான் வாசல்ல நின்னாங்க. அப்பா கொல்லையில, மாமரத்தடியில கடப்பாறையோட இருந்தார். குழி ஏற்கெனவே முழங்கால் ஆழத்துக்கு வெட்டியாச்சு. நான் ஒண்ணும் கேட்கலை, அவரும் ஒண்ணும் சொல்லலை. சாம்பலைக் கொட்டி மண்ணைத் தள்ளினோம். துணி துவைக்கிற கல்லுல உடைஞ்சு கிடந்த ஒரு துண்டைத் தூக்கிட்டு வந்து அவரே மேல வெச்சார்.

கை கழுவும்போதுதான் கேட்டார்: "ஏண்டா, பேரு எதுவும் எழுத வேண்டாமா?"

பெயிண்ட் வாங்கிட்டு வந்தேன். எழுதினது அப்பா. அவர் கையெழுத்துதான் நல்லா இருக்கும்.