தகடூர் அதிகரும் புகழ்ச்சோழ நாயனாரும்

தருமபுரி என இக்காலத்து வழங்கும் ஊர் பண்டைத் தகடூராகும். அதியமான் நெடுமானஞ்சி ஔவையார்க்கு நெல்லிக்கனி ஈந்ததும், பின்னர்ப் பெருஞ்சேரலிரும்பொறை அவ்வூரை எறிந்ததும் தமிழ் கற்றார் அறிந்தனவே. ஆயினும், அதிகர் குடியைத் திருத்தொண்டர் வரலாற்றோடு இயைத்து எண்ணுவார் சிலரே. அவ்வியைபு ஈண்டு ஆராயப்படும்.

அக்குடியின் தொன்மைக்குக் கல்லே சான்று. அசோக மன்னன் கல்வெட்டு, சோழ பாண்டிய சேரரோடு சதியபுத்திரரையும் உடன்கூறுகின்றது. அவர் யாவர் என்பதில் அறிஞர் நெடுங்காலம் வேறுபட்டனர். திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-ஆம் ஆண்டு வெளிப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அப்பெயரை அதியன் நெடுமான் அஞ்சிக்கே உரித்தாக்கி ஐயம் அகற்றிற்று. அது துறவியர்க்கு அவன் அளித்த உறையுளைக் குறிப்பதாகும்.

இனிப் பெரியபுராணத்தை நோக்குவோம். புகழ்ச்சோழர் கருவூரில் திறைகொண்டிருந்த காலத்து, அதிகன் ஒருவனே திறை செலுத்தானாய், அணித்தாகிய மலையரணில் இருந்தான். சோழன் ஆணைவழிச் சென்ற படை அவ்வரணை அழித்தது. அதிகன் காட்டினுள் ஓடி மறைந்தான். கொணர்ந்த தலைக்குவியலில் ஒரு தலையிற் சடை காணப்பட்டது. அது கண்ட மன்னர் நடுங்கினார். அரசினை மைந்தன்பால் வைப்பித்தார். அத்தலையைப் பொற்கலத்து ஏந்தித் தம் முடிமேற் கொண்டு, ஐந்தெழுத்து ஓதித் தீயினுட் புகுந்தார்.

இவ்வதிகன் தகடூர்க் கோட்டையில் இருந்தவனோ எனின், அங்ஙனம் துணிதல் பொருந்தாது. கருவூர்க்குத் தகடூர் அணித்தன்று. ஆனால், கருவூர்க்கு வடக்கே அணித்தாகவுள்ள நாமக்கல் மலையில், எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அரங்கநாதர் குடைவரை, அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று அதியர் பெயராலேயே கல்வெட்டிற் குறிக்கப்பெறுகின்றது. ஆகவே, அதிகர் ஆட்சி தகடூரளவில் நில்லாது கருவூர்ப் பக்கத்து மலைகள்வரை பரவிய காலமும் உண்டென்பது பெறப்படும். சேக்கிழார் கூறிய மலையரணுக்கு அந்நிலப்பகுதியே இயைபுடையதாம்.

இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை? சோழர் பெருமை கூறும் அவ்வரலாற்றில் அதிகன் பகைவனாக மட்டுமே எண்ணப்படுகின்றான். ஆனால், நாயனாரைத் திருத்தொண்டின் முடிவுக்கு உய்த்தவர் அவ்வதிகன் படையில் நின்று பட்ட சடையுடைய அடியாரே. அவர் பெயரோ ஊரோ தெரிந்திலது. அதியர் நாட்டில் ஆநிரை மீட்டு மடிந்தார்க்கும் புலியொடு பொருது பட்டார்க்கும் நடுகல் எடுத்தனர். அவற்றுட் பல தருமபுரி அகழ்வைப்பகத்தில் இன்றும் காணலாம். போர்க்களத்துத் தலை துணிக்கப்பட்ட இவ்வடியார்க்கோ சோழன் மணிமுடியே பீடமாயிற்று. வேடத்தைப் போற்றுமிடத்துப் பகை நட்பு என்னும் வேறுபாடு இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று தருமபுரிக்கு வருவோர் கோட்டையில் மல்லிகார்ச்சுனரை வணங்குகின்றனர்; அருணகிரிநாதர் பாடிய தீர்த்தமலைக்கும் செல்கின்றனர். ஆடிப்பெருக்கிலோ, இண்டூரும் பென்னாகரமும் கடந்து, யானைகள் உலவும் காட்டின் வழியே ஒகேனக்கல்லிற் காவிரியாடப் பெருந்திரள் விரைகின்றது. அக்காடுகளைக் காத்தற்கென 2014-ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. காட்டுயிர்க்குக் காப்பு உண்டாயிற்று. வயல்வரப்பிலும் வழியோரத்தும் சாய்ந்து கிடக்கும் நடுகற்களுக்கோ அவ்வவ்வூரார் அன்பே காப்பு.

புகழ்ச்சோழர் குருபூசை நாளும் அவ்வாடித் திங்களின் கிருத்திகையே. அவ்வழிச் செல்லும் அன்பர், நாயனாரை நினையுங்கால் அவர் முடிமேல் அமர்ந்த அப்பெயரறியா அடியாரையும் உடன் நினைதல் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.