பொருந்துவதும் பொருத்தமும்

காவிரியின் வடகரையில் வாழை விளையும் தொட்டியத்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். எம் தெருவில் வாழும் பெரியவர் ஒருவர், திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். "பொருந்துவது வேறு, பொருத்தமாக இருப்பது வேறு சார்" என்று அவர் ஒருநாள் சொன்னதே இக்கட்டுரைக்கு வித்து.

முற்காலத்தில் துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பையும் கொல்லர் அரத்தால் தேய்த்தே பொருத்தினர். ஒன்றின் விசை மற்றொன்றுக்குச் சேராது. போர்க்களத்தில் ஓர் உறுப்பு உடைந்தால் துப்பாக்கியே பயனற்றதாகும். 1785இல் பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்பவர் ஐம்பது துப்பாக்கிகளின் விசைப் பொறிகளைப் பிரித்து, உறுப்புகளைத் தனித்தனியே குவித்து வைத்தார். அமெரிக்கத் தூதராய் அங்கிருந்த தாமஸ் ஜெஃபர்சன், கைக்கு அகப்பட்டவற்றை எடுத்துத் தாமே சில பொறிகளைக் கோத்துப் பார்த்தார். அனைத்தும் பிசகின்றிப் பொருந்தின. தொழில் வரலாற்றில் இஃதொரு திருப்புமுனை.

நம்மூர் வரலாற்றுக்கு வருவோம். திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலை 1966இல் தொடங்கப்பெற்றது. அங்கு உருவான 1ஏ1 துப்பாக்கி, பெல்ஜியத்தில் பிறந்த எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் வழித்தோன்றல். அக்குடும்பத்திலேயே இரு கிளைகள் உண்டு: பெல்ஜியத்தின் மீட்டர் அளவு, பிரிட்டனின் அங்குல அளவு. பார்வைக்கு இரட்டையர், ஆனால் அங்குலக் கிளையின் தோட்டா உறை மீட்டர்க் கிளையில் நுழையாது.

எண்ணும் ஏமாற்றும். 1ஏ1 துப்பாக்கியின் குண்டு 7.62 மி.மீ.; அதே ஆலை பின்னர்ப் படைத்த 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' குண்டும் 7.62 மி.மீ. ஆயினும் முன்னதன் தோட்டாக்கூடு 51 மி.மீ. நீளம், பின்னதன் கூடு 39 மி.மீ. ஒன்றுக்குரியது மற்றொன்றுக்கு ஆகாது.

விசைப் பகுதியிலோ பிழை உயிரையே கேட்கும். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் விளிம்பு சற்றே குறைந்தாலும், துப்பாக்கி கீழே விழும் அதிர்ச்சியில் தானே வெடிக்கக்கூடும். உறுப்பு உள்ளே நுழைந்துவிட்டது என்பதனால் அச்சம் நீங்கிவிடாது. ஆகவேதான் ஆலைகளில் 'நுழைய வேண்டிய' அளவி ஒன்றும் 'நுழையக் கூடாத' அளவி ஒன்றும் வைத்துச் சோதிக்கின்றனர். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும், துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று விதிக்கிறது.

தமிழ் பயிற்றும் எமக்கு இது புதிதன்று. வெண்பாவில் ஒரு சீரை மாற்றினால் முன்னும் பின்னும் தளை பார்க்க வேண்டும். சீர் அழகாக இருக்கலாம். தளை தட்டினால் அது வெண்பா ஆகாது. அங்கே கெடுவது செய்யுள் மட்டுமே. பெரியவர் நாளெல்லாம் அளவியோடு அமர்ந்து பார்த்த தளையோ, எங்கோ எல்லையில் நின்ற ஒருவனின் உயிர்.