கெட்ட நீர் என்று ஒரே பெயர்



கால் வீங்கினால் நம் வீடுகளில் "கெட்ட நீர் இறங்கியிருக்கு" என்பார்கள். முதலில் பார்லிக் கஞ்சி. அதில் வடியாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் நீர் மாத்திரை. நம்மவர்களை மட்டும் குறை சொல்லக் கூடாது. 250 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து வைத்தியர்களும் நீர் கோத்த வீக்கம் எல்லாவற்றையும் 'டிராப்ஸி' என்ற ஒரே பெயரில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் எப்படி உடைந்தது என்பதுதான் இன்றைய பாடம். அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

1775-ல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி ரகசியமாகக் காத்து வந்த மருந்து அது. மற்ற வைத்தியர்கள் கைவிட்ட டிராப்ஸி நோயாளிகள் சிலர் அதனால் தேறியிருந்தார்கள். (அந்த அம்மாளுக்கு இன்று ஒரு பெயர் சூட்டிப் பலரும் எழுதுகிறார்கள். விதரிங் பெயர் எதையும் குறிப்பிடவில்லை.) இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த கலவை. தாவரவியலில் தேர்ந்த விதரிங், அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஒரு செடிதான் என்று கண்டுகொண்டார். பத்து ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து 1785-ல் புத்தகம் போட்டார். குணமானவர்களோடு குணமாகாதவர்களையும் அதில் எழுதி வைத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். அளவு கூடினால் வாந்தி, பார்வை மஞ்சளாகத் தெரிவது, நாடி தளர்வது, மரணம்வரை போகும் என்றும் எச்சரித்தார்.

ஒரே மருந்து சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. ஏன்? அந்த இலை வலுவிழந்த இதயத்துக்குக் கைகொடுத்தது. இதயம் காரணமாக வராத வீக்கத்தில் அதற்கு வேலையில்லை.

அடுத்த விடை 1827-ல் வந்தது. லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட், வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். சிலருடையது முட்டையின் வெள்ளைக்கரு போல உறைந்தது. புரதம் கசிகிறது! அப்படிப்பட்டவர்கள் இறந்த பின் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருந்தது. இன்று நீங்கள் லேபில் கொடுக்கும் 'யூரின் ஆல்புமின்' சோதனைக்கு அந்தக் கரண்டிதான் முன்னோடி.

பிறகு ஜெர்மனியில் விர்ஹோ, கால் நரம்பில் உறைந்த ரத்தக்கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைக்கும் என்று 1840-களில் காட்டினார். 1877-ல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், யானைக்கால் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு யானைக்காலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுகாதாரப் பணியாளர்கள் ஏன் ராத்திரியில் வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்தார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் திரண்டு உலவும்.

இனி நம் காலுக்கு வருவோம். நாள் முழுக்க நின்றோ பஸ்ஸில் உட்கார்ந்தோ மாலையில் இரண்டு காலும் லேசாக வீங்கி, காலையில் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. தினமும் வந்தால் காட்டிவிடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை கூடிக்கொண்டே போகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். காலையில் கண் இமை உப்புகிறது, சிறுநீர் நுரைக்கிறது என்றால் சிறுநீரகம். வயிறும் சேர்ந்து வீங்கினால் கல்லீரலையும் பார்ப்பார்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அன்றைக்கே போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகோ நீண்ட பயணத்துக்குப் பிறகோ வந்தால் இன்னும் கவனம். தேய்த்து விடாதீர்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம் இருந்தால் உடனே 108. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் சிவந்து காய்ச்சல் வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பிணிப் பெண்களுக்குக் கை, முகம் வீங்கித் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

இன்னொன்று. பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், மாற்றித் தருவார்.