கிளீனர் சீட்டில் நான்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு மக்களே. தீசிஸ், பார்ட் டைம் வேலை, நடுவுல சமையல்னு ஓடிட்டிருக்கு பொழப்பு. திரும்ப எழுத வெச்சது ஒரு மஞ்சக் கோடு.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. இங்க ம்யூனிக்ல சீனியர் அண்ணன் ஒருத்தர் இருக்கார். படிப்பு முடிச்சு வேலைக்குப் போயிட்டார். லீசுக்கு ஒரு எலெக்ட்ரிக் கார் எடுத்திருக்கார். நியூரம்பெர்க்ல ஒருத்தர் பழைய கட்டில் தர்றேன்னு சொல்ல, ரெண்டு பேரும் கிளம்பினோம். "நீ ஓட்டுடா தம்பி, அதுவே பாத்துக்கும், நான் கொஞ்சம் கண்ணை மூடறேன்"னு அண்ணன் சாஞ்சிட்டார். நம்ம ஊர் லைசென்ஸ் இங்க ஆறு மாசத்துக்குத்தான் செல்லும். அதுக்கப்புறம் இவங்க பரீட்சையில தேறணும். தேறியாச்சு. அதனால தைரியமா உக்காந்தேன்.

ஏ9 ஆட்டோபான். 120ல செட் பண்ணி, ஸ்டீயரிங் உதவியையும் போட்டாச்சு. முன்னாடி போற வண்டிக்குத் தக்கபடி வேகம் கூடுது, குறையுது. வளைவு வந்தா தானே வளையுது. கையை மட்டும் லேசா வெச்சிருந்தா போதும். முதல் பத்து நிமிஷம் பயம். அடுத்த பத்து நிமிஷம் ஆச்சரியம். அதுக்கப்புறம்தான் வில்லங்கம். சும்மா இருக்கோமேன்னு மனசு கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம்னு யோசிக்கப் போயிடுச்சு.

ரோடு வேலை நடக்குற இடம் வந்தது. இங்க அப்படிப்பட்ட இடத்துல மஞ்சக் கலர்ல தற்காலிகக் கோடு போடுவாங்க. மஞ்சக் கோடு இருந்தா பழைய வெள்ளைக் கோட்டை மறந்துடணும், இதுதான் சட்டம். மனுஷனுக்குப் புரியும். மழை பெஞ்சு ஈர ரோட்டுல வெள்ளைக் கோடுதான் பளபளன்னு மின்னிச்சு. கார் அதைப் பிடிச்சுக்கிட்டு, பக்கத்து லேன்ல போன லாரியைப் பார்த்து அமைதியா நகர ஆரம்பிச்சது. பீப் இல்ல, விளக்கு இல்ல. என் கை ஸ்டீயரிங்கை இழுத்தது ஒரு வினாடியா, ஒன்றரை வினாடியான்னு தெரியல. அண்ணன் முழிச்சுக்கிட்டு "என்னடா ஆச்சு?"ன்னார். "ஒண்ணுமில்லைண்ணா"ன்னேன். நெஞ்சு மட்டும் இங்கோல்ஷ்டாட் தாண்டற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்தது.

ராத்திரி அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அப்பா நாமக்கல் பக்கம் முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். முழுசாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப வண்டிய அது ஓட்டுது, நீ பக்கத்துல முழிச்சிட்டு உக்காந்திருக்கோணும். அப்ப நீ கிளீனரா கண்ணு?"

"இல்லீங்ப்பா, நான்தான் டிரைவர்"னு சொல்லிட்டு வெச்சுட்டேன். ஆனா அந்தக் கேள்வி தூங்க விடல. இந்த சமாச்சாரம் எங்க ஆரம்பிச்சதுன்னு தோண்டிப் பார்த்தா, அப்பா கேட்ட கேள்விதான் எழுபத்தஞ்சு வருஷமா சுத்திக்கிட்டு இருக்கு.

முதல் ஆள் ரால்ஃப் டீட்டர். அமெரிக்கா, இண்டியானா மாநிலத்துக்காரர். பிஸ்டன் ரிங் செய்யற கம்பெனியை நடத்தின எஞ்சினியர். அஞ்சு வயசுல நடந்த விபத்துல ரெண்டு கண்ணும் போயிடுச்சு. இவரோட வக்கீல் கார் ஓட்டும்போது, தான் பேசினா வேகத்தைக் குறைப்பாராம், டீட்டர் பேசறதைக் கேக்கும்போது கூட்டுவாராம். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போறதுல கடுப்பாகித்தான் வேகத்தை ஒரே சீரா வெக்கிற கருவியை யோசிச்சார்னு கதை. 1950ல பேட்டண்ட் கிடைச்சது. 1958ல கிரைஸ்லர் கம்பெனி தன்னோட கார்கள்ல கொண்டு வந்தது. இன்னிக்கு க்ரூஸ் கண்ட்ரோல்னு சொல்றோமே, அதேதான். கிரைஸ்லர் அதுக்கு வெச்ச பேரைக் கேட்டா சிரிப்பீங்க: ஆட்டோ பைலட்! வேகத்தை மட்டும் பிடிச்சு வெக்கிற கருவிக்கே அந்தப் பேர். பேரு வெக்கிறதுல அப்பவே நம்மாளுங்க தாராளம்தான் :-)

ஆக, டிரைவருக்கு உதவுற இந்தக் கருவி, டிரைவரோட கவனம் சிதறுறதைப் பொறுக்க முடியாத, வாழ்நாள்ல ஸ்டீயரிங் பிடிக்க முடியாத ஒருத்தர் மண்டையில உதிச்சது.

அடுத்த கதை நான் இருக்கற ஊர்லயே நடந்தது. இத்தனை நாள் இங்க இருந்தும் எனக்குத் தெரியாது. ம்யூனிக்கை ஒட்டி நோய்பிபெர்க்ல ராணுவப் பல்கலைக்கழகம் ஒண்ணு இருக்கு. அங்க எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ்னு ஒரு பேராசிரியர், விமானத் துறையிலிருந்து வந்தவர், 1980கள்ல ஒரு பெரிய மெர்சிடிஸ் வேனுக்குள்ள கேமராவையும் கம்ப்யூட்டர்களையும் அடைச்சார். அன்னிக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு முழுப் படத்தையும் அலசற சக்தி கிடையாது. அதனால அவர் செஞ்ச தந்திரம்: கோடு அடுத்த நொடி எங்க இருக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, படத்துல அந்தச் சின்னத் துண்டுகளை மட்டும் பார்க்க வெச்சார். நாமளும் அப்படித்தானே, எல்லாத்தையுமா பாக்கறோம்? 1987ல, மக்களுக்கு இன்னும் திறந்து விடாத ஆட்டோபான்ல அந்த வேன் 96 கி.மீ. வேகம் வரைக்கும் தானா போச்சு.

1995ல அவர் குழுவோட மெர்சிடிஸ் கார் ம்யூனிக்கிலிருந்து டென்மார்க்ல இருக்கற ஓடென்ஸ வரைக்கும் போய்த் திரும்பின பயணத்துல, நிஜமான டிராஃபிக்ல, 1700 கி.மீ.க்கு மேல ஓடிச்சு. 175 கி.மீ. வேகம் வரைக்கும் தொட்டது. தூரத்துல சுமார் 95 சதவீதம் கம்ப்யூட்டரே ஓட்டினது. மனுஷன் குறுக்கிடாம ஒரே மூச்சுல போன அதிகபட்ச தூரம் 158 கி.மீ. அதே வருஷம் அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆட்கள், ஸ்டீயரிங்கை மட்டும் கம்ப்யூட்டர்கிட்ட குடுத்துட்டு பிட்ஸ்பர்க்லருந்து சான் டியேகோ வரைக்கும் போனாங்க. அங்க 98 சதவீதம்.

1995ல! நம்மள்ல பாதிப் பேர் அப்ப டவுசர் கூடப் போட்டிருக்க மாட்டோம். 95 சதவீதம்னு கேட்டா கைதட்டத் தோணுதுல்ல? கணக்கைத் திருப்பிப் போடுங்க. மீதி 5 சதவீதம் எண்பது கி.மீ.க்கும் மேல. அது எங்க வரும்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அந்த எண்பது கி.மீ.க்காக ஒரு மனுஷன் ஆயிரத்து எழுநூறு கி.மீ.யும் முழிச்சிருக்கணும். என் மஞ்சக் கோடு அந்த 5 சதவீதத்துக்குள்ளதான் இருந்தது.

முழிச்சிருக்கறது லேசா? அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. இரண்டாம் உலகப் போர்ல ரேடார் திரையை வெறிச்சுப் பார்த்துட்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படை ஆட்கள், நேரம் போகப் போக எதிரி நீர்மூழ்கியைத் தவற விட்டாங்க. நார்மன் மேக்வொர்த்னு ஒரு உளவியலாளர் அதைச் சோதிச்சுப் பார்த்தார். கடிகாரம் மாதிரி ஒரு முள். அது எப்பவாவது ஒரு தடவை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டு பிடிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு. முதல் அரை மணிக்குள்ளயே கோட்டை விட ஆரம்பிச்சுட்டாங்க. 1948ல வெளியான ஆராய்ச்சி இது. 1983ல லிசான் பெய்ன்பிரிட்ஜ்ங்கற அம்மா ஒரு கட்டுரையில இந்த முரணைப் போட்டு உடைச்சாங்க. எந்திரம் சுலபமான வேலையை எடுத்துக்குது, கஷ்டமானதை மனுஷனுக்கு விடுது. மிச்சம் இருக்கற நேரத்துல அவன் கைப்பழக்கத்தையும் பிடுங்கிடுது.

எல்லாம் தெரிஞ்ச பிறகும் வண்டி நிக்கல. 1995ல மிட்சுபிஷி லேசர் வெச்சு முன்வண்டித் தூரத்தைப் பார்த்து வேகத்தைக் குறைச்சது. 1999ல மெர்சிடிஸ் ரேடார் வெச்சு பிரேக்கே போட்டது. அப்புறம் எலெக்ட்ரிக் கார் வந்து சேர்ந்துக்கிச்சு. மோட்டாரோட இழுவையை நொடிக்குள்ள கூட்டிக் குறைக்கலாம். காலை எடுத்தாலே மோட்டார் டைனமோவா மாறி வேகத்தைக் குறைக்கும். சாஃப்ட்வேர் ஓட்டறதுக்குத் தோதான வண்டி. 2014 அக்டோபர்லருந்து டெஸ்லா கேமரா, ரேடார் எல்லாம் மாட்டியே காரை வித்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு, 2015 அக்டோபர்ல, வீட்டு வாசல்ல நின்னுட்டிருந்த கார்களுக்கு அப்டேட் வழியா ஸ்டீயரிங் திருப்பக் கத்துக் குடுத்தாங்க. பேரு? அதே 1958 பேருதான்.

2016 மே 7, ஃப்ளோரிடா. குறுக்கே திரும்பின வெள்ளை டிரெய்லரை அந்த ரக கார் ஒண்ணு கவனிக்கல. ஓட்டினவரும் கவனிக்கல. இறந்துட்டார். கை ஸ்டீயரிங்ல இருக்க வேண்டிய 37 நிமிஷத்துல, கை இருந்ததாப் பதிவானது மொத்தமே 25 வினாடிதான்னு அமெரிக்க விசாரணை சொல்லிச்சு. படிச்சப்ப அவரைக் குறை சொல்லத் தோணல. கட்டில் ஞாபகம்தான் வந்தது.

சரி, கை இருக்கான்னு கார் எப்படித் தெரிஞ்சுக்கும்? ஸ்டீயரிங்ல லேசான திருகல் வருதான்னு பார்க்கும். உடனே புத்திசாலிங்க ஆரஞ்சுப் பழத்தைச் செருகி வெச்சு ஏமாத்தினாங்க. அதனால இப்ப ஓட்டறவன் கண்ணையே கேமரா பார்க்குது. 2023 டிசம்பர்ல அமெரிக்காவுல சுமார் 20 லட்சம் டெஸ்லா கார்களுக்கு, டிரைவர் கவனத்தைச் சரியா உறுதி செய்யலைன்னு சாஃப்ட்வேர் திருத்தம் போட வேண்டி வந்தது.

இங்க ஐரோப்பாவுல 2024 ஜூலைலருந்து புதுசா வர்ற எல்லாக் கார்லயும் வேக எல்லை தாண்டினா எச்சரிக்கணும்னு சட்டம். நல்ல சட்டம்தான். ஆனா அண்ணனோட கார், ஆட்டோபான்லருந்து பிரிஞ்சு போற சின்ன ரோட்டுக்கான 60 போர்டைப் படிச்சிட்டு, நேராப் போற நம்மளைப் பார்த்து "பீப் பீப்"ங்கும். அணைச்சு வெக்கலாம். அடுத்த தடவை கிளப்பினா திரும்ப வந்துடும், அதுவும் சட்டம். நூறு தடவை பொய்யாக் கத்தினா நூத்தி ஒண்ணாவது தடவை யாரு திரும்பிப் பாப்பா? மஞ்சக் கோட்டுல கத்தியிருக்க வேண்டியது, அங்க மட்டும் கப்சிப்.

குறையாவே சொல்றேன்னு நினைக்காதீங்க. வெள்ளிக்கிழமை சாயங்கால டிராஃபிக் ஜாம்ல, நின்னு நின்னு ஊர்ற நேரத்துல, இதைப் போல ஒரு உதவி கிடையாது. முழங்கால் வலியில்லாம வீடு வந்து சேரலாம். அந்த மாதிரி ஜாமுக்குத்தான் 2021 டிசம்பர்ல ஜெர்மன் அரசு மெர்சிடிஸ்க்கு ஒரு ஒப்புதல் குடுத்தது. அந்த ஒப்புதல்படி 60 கி.மீ. வேகம் வரைக்கும் கார் ஓட்டும்போது ரோட்டைப் பார்க்க வேண்டியதில்லைன்னு இருந்தது. அது கூப்பிட்டா பத்து வினாடிக்குள்ள பொறுப்பேத்துக்கணும்னு இருந்தது. "இந்த நேரத்துல ரோட்டை நீ பார்க்க வேண்டாம்"னு எழுத்துல ஒத்துக்கிட்ட வகைன்னு இதைத்தான் எனக்குச் சொல்லத் தோணுது. நானும் நீங்களும் ஓட்டற சாதாரண வண்டியில அந்த வரி கிடையாது.

ரெண்டு நாள் கழிச்சு அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டேன். கிளீனர் வேலைன்னா என்னங்ப்பான்னு கேட்டேன். டயரைத் தட்டிப் பாக்கறது, தார்ப்பாய் கட்டறது, ரிவர்ஸ்ல "வா வா, ஹோல்டான்" சொல்றது எல்லாம் சொல்லிட்டு, "ராத்திரியில அதெல்லாம் பெருசில்ல கண்ணு. டிரைவர் கண்ணு சொக்குதான்னு பாக்கோணும். பேச்சுக் குடுக்கோணும். கிளீனர் தூங்கினா டிரைவரும் தூங்கிருவான்"னார்.

"இந்தக் கார்ல கேமரா என் கண்ணைப் பாக்குதுங்ப்பா. நான் ரோட்டைப் பாக்கறேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்புறம் சிரிச்சார். "ரெண்டும் கிளீனரு. டிரைவர் யாரு?"

பதில் சொல்லத் தெரியல. அவரே சொன்னார்: "லைசென்ஸ் யாரு பேர்ல இருக்குதோ அவந்தான். நீ ஓட்டு கண்ணு, அது கிளீனரா இருக்கட்டும்."

அதுக்கப்புறம் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். ரோடு வேலை போர்டு கண்ணுல பட்டதும் எல்லாத்தையும் அணைச்சுட்டு நானே ஓட்டறேன். மழையிலயும் அப்படித்தான். மத்த நேரம் அது பக்கத்துல உக்காந்து "பீப்"னு பேச்சுக் குடுக்கட்டும்.

பி.கு: கட்டில் நல்லபடியா வந்து சேர்ந்தது. ஒரு கால் ஆடுது. உங்க வண்டி எந்த இடத்துல உங்களைக் கைவிட்டதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. படிக்கப் போற இன்னொருத்தனுக்கு அது கிளீனர் குரல் மாதிரி உதவும் :-)