கல்லும் வெட்டும் ஒரு ‘னை’யும்

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில், “அப்பான்ர கல்வெட்டு ஒண்டு தபாலில போட்டிருக்கிறன்” என்றார். கல்லை எப்படித் தபாலில் போடுவது என்று இரண்டு நாள் குழம்பினேன். வந்தது ஒரு புத்தகம். அட்டையில் பெரியவரின் படம். உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வம்சாவளி, மனைவியும் மக்களும் புலம்புவதாகப் பாட்டுகள், கடைசியில் நன்றி நவிலல். ஒருவர் இறந்த 31ஆம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அச்சிடும் இந்தப் புத்தகத்துக்கு அங்கே கல்வெட்டு என்று பெயர். நினைவு மலர் என்றும் சொல்வார்கள். ஆனால் வீட்டுப் பேச்சில் கல்வெட்டுத்தான்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டால் கோயில் அடிச்சுவர் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் பேருந்து நிழற்குடையைத் திறந்துவைத்தவரின் பெயரைப் பொன்னெழுத்தில் தாங்கி நிற்கும் பளிங்குப் பலகை. சாவுக்கும் கல்வெட்டுக்கும் உள்ள பழைய உறவை நாங்கள் மறந்தோம். அவர்கள் கல்லை மறந்தார்கள்.

கல், வெட்டு என்ற இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தவை அல்ல. முதலில் இருந்தது கல் மட்டும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். எழுத்து, தமிழ் பிராமி. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. சில சொற்கள்தான் வாசகம். அந்தச் சில சொற்களுக்குள் ‘கல்’ என்ற சொல்லும் இருக்கிறது. கல் என்றாலே நினைவுக்கல் என்று பொருள் கொண்ட காலம் அது. பல நூற்றாண்டுகள் கழித்துச் செங்கம் பகுதி நடுகற்களிலும் வாசகம் ‘பட்டான் கல்’ என்றே முடிகிறது. போரில் பட்டவனுடைய கல். அந்தப் பகுதி எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அரசன் பெயரை மறந்தவர்களுக்கும் அந்த நாயின் பெயர் மறப்பதில்லை.

அப்படியானால் அன்று எழுத்தைக் கல்லில் இறக்கும் வேலைக்கு என்ன சொல்? அகநானூற்றில் ‘குயிலுதல்’ வருகிறது. உளியால் குடைவது, செதுக்குவது என்று பொருள். அதன் 343ஆம் பாட்டில் உப்பு வணிகரின் வண்டிச் சக்கரம் உரசித் தலை சிதைந்த நடுகல் ஒன்று நிற்கிறது. உளி குயின்ற எழுத்தில் கோடுகள் சில மறைந்துவிட்டன. வழிப்போக்கர்கள் மிச்சக் கோடுகளைக் கூட்டிப் படிக்கிறார்கள். கிடைப்பது வேறு பொருள். கல்வெட்டுப் படிக்கிறவர்களின் இன்றைய தலைவலியை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பாவம், அந்தக் குயிலுதல் அகராதியோடு நின்றுவிட்டது. பொறித்தல் ஏட்டுத்தமிழில் பிழைத்துக்கிடக்கிறது. வெட்டு ஒன்றுதான் தெருவுக்கு வந்தது.

வெட்டின் பெருமைக்குத் தஞ்சைப் பெரிய கோயிலைவிட வேறு சாட்சி வேண்டாம். தான் கொடுத்தது, அக்காள் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் ‘கல்லிலே வெட்டுக’ என்று முதலாம் இராசராசன் வாயால் சொன்ன ஆணை, அப்படியே விமானத்தின் அடிப்பகுதியில் வெட்டப்பட்டிருக்கிறது. இங்கே கல், இறந்தவனின் இருப்பிடம் அல்ல, கணக்குப் பேரேடு. யார் கொடுத்தார், எவ்வளவு, யாருக்கு உரிமை, யாருக்குக் கடமை என்பதெல்லாம் அதில் ஏறுகிறது. ஈழத்தில் சொல் இந்தப் பேரேட்டு வழியாகத்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம். திருகோணமலைக் கோயிலின் வரலாற்றையும் தொழும்பாளர் கடமைகளையும் சொல்லும் கவிராச வரோதயரின் நூலுக்குப் பெயர் ‘கோணேசர் கல்வெட்டு’. மட்டக்களப்புக் கோயில்களிலும் உரிமை வரிசை சொல்லும் பாட்டைக் கல்வெட்டு என்பார்கள். மாறாத பதிவு என்ற பொருள் மட்டும் போதும் என்றான பிறகு, கல் எதற்கு? அங்கிருந்து வம்சாவளி அச்சிட்ட புத்தகத்துக்கு ஓரடிதான்.

சொல் இப்படி ஊர்விட்டு ஊர் போனாலும், கல்லின் வயதைச் சொல்லப் பெரும்பாலும் எழுத்தின் வடிவம்தான் துணை. அதுவும் ஏமாற்றும். அதே மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குடைவரையில் பேசுவது கிரந்த எழுத்தில், வடமொழியில். செங்கத்து நடுகற்களில் அவன் பெயர் வருவதோ வட்டெழுத்தில், தமிழில். அரசனை வைத்து எழுத்தைத் தேடினால் பாதிதான் கிடைக்கும். வெட்டிய கை எந்த ஊர்க் கை, யாருக்காக வெட்டியது என்றும் கேட்க வேண்டும். வெட்டெழுத்து என்பதே வட்டெழுத்து ஆயிற்று என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. கல்லில் வந்த எழுத்தெல்லாம் வெட்டிய எழுத்துத்தானே, அதற்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்? அதன் வளைவுகளைப் பார்த்தால் வட்டமே பொருந்துகிறது.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவன், ஒரே ஒரு எழுத்துக்காக அலைந்தது எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில். பெரியப்பாவின் கல் 1971இல் நட்டது. கருங்கல்லில், தலைப்பாக ‘நினைவு’, அடியில் ‘இளைப்பாறுகிறார்’. பெரியம்மா போன பிறகு பக்கத்தில் அதே மாதிரி ஒரு கல் வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். கிரானைட் கடையில் கம்ப்யூட்டரில் அடித்துக் காட்டினார்கள். எல்லாம் சரி, ‘னை’ மட்டும் சரியில்லை. பெரியப்பாவின் கல்லில் அது துதிக்கையை மேலே தூக்கிய பழைய னை. கடைக்காரர் கையை விரித்தார்: “அந்த னை நம்ம ஃபான்ட்ல இல்லியே சார்.”

1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியவை 13 எழுத்துகள். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை. ‘இளைப்பாறுகிறார்’ என்ற ஒரு சொல்லிலேயே அவற்றில் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. துதிக்கை வைத்த லை இருந்தால் 1978க்கு முந்திய கல் என்று சொல்லிவிடத் தோன்றும், சொல்லக்கூடாது. வயதான ஆசாரிகளின் கை ஆணைக்குப் பிறகும் பழைய வழியிலேயே போனது. இலங்கையில் இருப்பவர்களை அந்த ஆணை கட்டுப்படுத்தவும் இல்லை. மறுபக்கம், பெரியார் 1935லேயே தன் குடிஅரசு இதழில் புது லையைப் புழங்கத் தொடங்கிவிட்டார். அவர் வழி வந்தவர்கள் வீட்டு நினைவுக்கல்லில் புது வடிவம் முன்னாலேயே வந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

வடிவம் மட்டும் இல்லை, ஆழமும் பொருந்த வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் பக்கத்து ஊரில் இன்னும் உளி பிடிக்கும் ஒரு கல்தச்சர். கடையில் ஸ்டிக்கர் ஒட்டி மணல் வீசி எடுக்கும் எழுத்துக்கு அடி தட்டையாக இருக்கும். உளி எழுத்துக்கு இரண்டு சரிவு, நடுவில் ஒரு மடிப்பு. சாயங்கால வெயிலில் ஒரு சரிவு வெளுக்கும், மறு சரிவு கறுக்கும். “பெயின்ட் உதிர்ந்தாலும் இத படிக்கலாம், அத படிக்க முடியாது” என்றார்.

கல்வெட்டுத் துறையினர் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். மைப்படி என்று பெயர். பெரியப்பாவின் கல்லில் மை பூசப் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். னை வந்தது, ளை வந்தது, றா பாதி வந்தது. மீதியைக் கல்தச்சர் கையால் வரைந்து முடித்து, கல்லில் செங்காவியால் ஏற்றிவிட்டு உளியை எடுத்தார். நான்கு நாள் வேலை.

இப்போது இரண்டு கல்லும் ஒரே கை வெட்டியது போல நிற்கின்றன. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றியபோது, பத்து வயதுத் தம்பி மகள் குனிந்து படித்தாள். “நி...” என்றவள் நின்றுவிட்டாள். பிறகு விரலால் அந்தத் துதிக்கையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “பெரியப்பா, இது என்ன எழுத்து?”