கேட்போர் நிலையும் சொல்வோர் கடனும்

கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் சிலர், தம் பாடத்தில் அரிய உண்மையொன்றைக் கற்றதாக மகிழ்ந்து கூறுகின்றனர். ஒரு நூலைக் கையில் எடுத்தால், அதனை எழுதியவர் யார், எந்தக் கூட்டத்தார்க்காக எழுதினார், அக்கூட்டத்தார் தமக்குள் வழங்கிய சொற்கள் எவை, எழுதியதன் நோக்கம் யாது என்று வினவிய பின்னரே அதனை மதிப்பிட வேண்டும் என்பது அப்பாடம். நல்ல பாடமே. ஆயினும் அதே இளைஞர், பாட்டியாரின் பெட்டியிலுள்ள அரபுத் தமிழ்க் கிதாபைக் கண்டதும், "இது தமிழுமன்று, அரபியுமன்று" என ஒதுக்கிவிடுகின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கும் தகுதியில்லை. மத்ரஸாவில் பலாகத் எனும் சொல்வன்மைக் கலையை ஓதிய நாளில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நாம் ஓதிய கலையே அவ்வெண்ணம் தவறென்று கூறுவதை உணர நெடுநாளாயிற்று.

அக்கலையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்கிந்தி, அபுல் அப்பாஸ் என்ற இலக்கண அறிஞரிடம் சென்று, அரபு மொழியில் வெற்றுச் சொற்கள் மலிந்திருப்பதாகக் குறை கூறினார். 'அப்துல்லாஹ் நிற்கிறார்' என்பதையே அரபியர் ஒருமுறை வெறுமையாகவும், ஒருமுறை 'இன்ன' எனும் உறுதிச் சொல் சேர்த்தும், ஒருமுறை அதனுடன் 'லாம்' எனும் எழுத்தையும் கூட்டியும் சொல்கின்றனர். பொருள் ஒன்றாயிருக்க இது எதற்கு என்பது அவர் வினா. இலக்கண அறிஞர் மறுத்தார். முதலாவது, ஏதும் அறியாதவர்க்குச் சொல்லும் செய்தி. இரண்டாவது, ஐயத்தோடு வினவியவர்க்குத் தரும் விடை. மூன்றாவது, இல்லையென மறுத்தவர்க்குக் கூறும் பதில் என அவர் விளக்கினார். இதனைத் தம் 'தலாயிலுல் இஃஜாஸ்' எனும் நூலில் பதிந்து வைத்தவர் 11-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அப்துல் காஹிர் ஜுர்ஜானி ஆவார்.

இதற்குச் சான்றாக ஆசிரியர்கள் காட்டும் இடம், நம் இல்லந்தோறும் ஓதப்படும் யாசீன் சூராவிலேயே இருக்கின்றது. ஓர் ஊராரிடம் அனுப்பப்பட்ட தூதர்கள் முதலில் (36:14) தாம் அனுப்பப்பட்டவர்கள் என்பதை 'இன்ன' கொண்டு கூறுகின்றனர். ஊரார் கடுமையாக மறுத்த பின்னர் (36:16) இறைவனின் அறிவையே சாட்சியாக்கி, 'லாம்' எழுத்தையும் கூட்டி, அதே செய்தியை மீண்டும் கூறுகின்றனர். மறுப்பு வலுத்தபோது சொல்லும் வலுத்தது. செய்தியில் அணுவளவும் மாற்றமில்லை. தமிழறிந்தோர்க்கு இது வியப்பன்று. நம் மொழியிலும் தேற்றப் பொருளில் வரும் ஏகாரம் இப்பணியைச் செய்கின்றதன்றோ?

பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், 'அல்பயான் வத்தப்யீன்' எனும் நூலில் பிஷ்ர் இப்னு முஃதமிர் என்பாரின் அறிவுரையை எடுத்தெழுதியுள்ளார். பேசுவோன் தன் கருத்துகளைக் கேட்போரின் தரத்தோடு நிறுத்துப் பார்த்து, ஒவ்வொரு கூட்டத்தார்க்கும் ஏற்ற சொல்லை வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் 1229-இல் மறைந்த ஸக்காக்கீயும், அவரது நூலைச் சுருக்கித் தந்து 1338-இல் மறைந்த கஸ்வீனீயும் இதனை முறையான இலக்கணமாக்கினர். பிழையற்ற சொல், நிலைமை வேண்டுவதற்கு, அதாவது 'முக்தளல் ஹாலு'க்கு, இயைந்து அமைவதே பலாகத் என வரையறுத்தனர். இச்சுருக்கத்திற்கு 1390-இல் மறைந்த தஃப்தாஸானீ எழுதிய 'முக்தஸருல் மஆனீ' எனும் விரிவுரை, மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்பட்டு வருகின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் முன்னோரின் எழுத்தை அளந்து பார்ப்போம். 17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார். அவருடைய அவை, காப்பியம் கேட்டுப் பழகிய தமிழ்ப் புலவர்களின் அவை. ஆதலின் நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்து, அரபு நாட்டைத் தமிழகத்து மருத நிலம் போல் வளம் கொழிக்கப் பாடினார். பாலை நிலத்தில் இத்துணை நீர்வளம் ஏதென்று கேட்போர், அவர் எந்த அவையில் நின்று பாடினார் என்பதை மறந்தோராவர்.

19-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் அவை வேறு. குர்ஆன் எழுத்தை அறிந்தும் தமிழெழுத்தை அறியாத பெண்களும் எளிய மக்களும் அதில் இருந்தனர். அவர்களுக்குத் தொழுகை, நோன்பு முதலியவற்றின் சட்டங்களைக் கற்பிக்க அப்பெரியார் அரபுத் தமிழில் 'மகானி' எனும் நூலை இயற்றினார். அரபியில் இல்லாத ழகரம் போன்ற ஒலிகளுக்கு, இருந்த எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டி அமைத்த வரிவடிவம் அது. அதில் பர்ளு, சுன்னத்து, மக்ரூஹ் எனும் சொற்கள் அரபியாகவே நிற்பது தமிழின் வறுமையாலன்று. சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் அளந்து வைத்த பொருள் உண்டு என்பதால். தொழுகை, நோன்பு, பள்ளி ஆகியவை தமிழாகவே நிற்பதும் கருதத்தக்கது.

அதே நூற்றாண்டில் கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை (1838-1898), புதுக் கல்வியின் வாயிலில் தயங்கி நின்ற மக்களை நோக்கிப் பேசினார். ஆகவே 1882-இல் 'முஸ்லிம் நேசன்' எனும் பத்திரிகையைத் தொடங்கினார். 1885-இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' எனும் நாவலை வெளியிட்டார். செய்யுளை விடுத்து உரைநடையைக் கைக்கொண்டது அவர் அவை வேண்டிய முறை.

மூவரும் ஒரே மார்க்கத்தில் நின்றவர்கள். ஒரே மொழியைப் பேசியவர்கள். எனினும் ஒருவரின் அளவுகோலால் மற்றவரை அளந்தால் மூவரும் பிழைபட்டவராகவே தோன்றுவர். கேட்போர்க்கேற்பப் பேசுவதென்பது கேட்போர் விரும்பியதைப் பேசுவதுமன்று. யாசீனின் தூதர்கள் போல, உமறுவும் ஆலிமும் சித்திலெப்பையும் உண்மையை மாற்றினாரல்லர். அது சென்று சேரும் வழியையே தேடினர்.

நமக்குள்ள அச்சம் ஒன்றே. ஒரு நூலின் அவை கலைந்துவிட்டால், நூல் இருந்தும் அது பேசாது. அரபுத் தமிழை ஓதத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் நம் இல்லங்களில் இருக்கின்றனர். கல்லூரி மாணவச் செல்வங்கள் விடுமுறைக்கு வரும்போது பாட்டியாரின் அருகமர்ந்து, அக்கிதாபை ஒரு பக்கமேனும் ஓதச் சொல்லிக் கேட்கட்டும். இது யாருக்காக எழுதப்பட்டது எனும் தம் பாடத்தின் வினாவை அங்கே எழுப்பட்டும். விடை சொல்லக் கூடியவர் எதிரிலேயே அமர்ந்திருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டறியும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக.