வீண் ஓட்டு

பயிர்க்கடன் புதுப்பிக்க எங்கள் வங்கிக்கு வருகிற வில்பட்டிப் பெரியவர் ஒருவர், தேர்தல் பேச்சு எழுந்த ஒரு நாளில் சொன்னார்: "ஜெயிக்க மாட்டான்னு தெரிஞ்சே ஒருத்தனுக்கு ஓட்டுப் போடுறது பாறையில பூண்டு ஊன்றுன மாதிரி, தம்பி." மலைச் சரிவில் படிப்படியாக மண்ணை நிறுத்தி ஆயுள் முழுக்கப் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டவர். எங்கே எது முளைக்கும் என்பது தெரிந்தவர். அவரோடு வாதாட எனக்கு வாய் எழவில்லை.

இதற்கு நேர் எதிரான பேச்சை நம் நண்பர்களிடையே கேட்கிறேன். பெரிய கட்சிகள் இரண்டும் ஒன்றுதான். எனவே மூன்றாவதாக நிற்கிறவனுக்குத்தான் என் ஓட்டு. அவன் தோற்றால் என்ன, என் கை சுத்தமாயிருக்கிறது. முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு இந்த வாதம் சுலபமாகப் பிடித்துவிடும். எனக்கும் சில வருஷங்கள் பிடித்திருந்தது. இப்போது, பெரியவரும் நண்பர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது. முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்களை மழை வெயில் மாதிரி இயற்கையில் உள்ள ஒன்றாக இரு தரப்புமே எடுத்துக்கொள்கின்றன. அந்த இடங்கள் எப்படி நிரம்பின என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. மலையை விட்டு இறங்கித் திண்டுக்கல் வரை போனால் போதும்.

1971 தேர்தலில் தமிழ்நாட்டில் இரண்டு பக்கங்கள்தாம் இருந்தன. ஒரு பக்கம் தி.மு.க. இந்திரா காங்கிரஸ் சில மக்களவைத் தொகுதிகளை வாங்கிக்கொண்டு, சட்டசபைத் தொகுதிகள் முழுவதையும் அதற்கே விட்டுக்கொடுத்திருந்தது. மறுபக்கம் காமராஜின் ஸ்தாபன காங்கிரஸ். சட்டசபையில் தி.மு.க.வுக்கு 184 இடங்கள், ஸ்தாபன காங்கிரசுக்கு 15. ஓட்டில் இடைவெளி இவ்வளவு பெரிதல்ல: ஏறக்குறைய 48.6 சதவிகிதமும் 35 சதவிகிதமும். அன்றைக்கு யாராவது 'மூன்றாவது கட்சி' என்று பேசியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த மாதம் 17ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. திண்டுக்கல் மக்களவை உறுப்பினர், தி.மு.க.வைச் சேர்ந்த ராஜாங்கம் இறந்துபோனதால் 1973 மே மாதம் அங்கே இடைத்தேர்தல் வந்தது. (அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை. 1985 வரை அதுவும் கொடைக்கானலும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன.) ஏழு மாத வயதுள்ள கட்சிக்காக மாயத்தேவர் நின்றார், சின்னம் இரட்டை இலை. ஆளும் கட்சிக்குப் பொன். முத்துராமலிங்கம், ஸ்தாபன காங்கிரசுக்கு என்.எஸ்.வி. சித்தன். இந்திரா காங்கிரசும் தனியாக நின்றது. மாயத்தேவர் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி, ஒரு லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். சித்தன் இரண்டாவது. சென்னையில் ஆண்டுகொண்டிருந்த கட்சி மூன்றாவது. டெல்லியில் ஆண்டுகொண்டிருந்த கட்சிக்கு டெபாசிட் போயிற்று.

பதிவான ஓட்டில் அதிகம் வாங்குகிறவன் ஒருவனே ஜெயிப்பான் என்கிற முறை இரு கட்சி அமைப்பில்தான் கொண்டுபோய் விடும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951இல் எழுதினார். அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. முதலாவது எண்ணிக்கை சம்பந்தப்பட்டது: பரவலாகச் சிதறிய ஓட்டுக்கு இடம் கிடைக்காது. இரண்டாவது மனம் சம்பந்தப்பட்டது: இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட வாக்காளன் தானாகவே முதல் இருவரில் ஒருவரிடம் போய்விடுவான். வில்பட்டிப் பெரியவர் சொன்னது இந்த இரண்டாவது காரணத்தைத்தான். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால், முதல் இருவர் யார் என்பது ஓட்டுப் போடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். திண்டுக்கல்லில் 1973இல் அது யாருக்கும் நிச்சயமில்லை. 1971 கணக்கை நம்பி, புதுக் கட்சிக்குப் போடுவது வீண் என்று தி.மு.க.வுக்கே போட்டவன்தான் மூன்றாம் இடத்துக்குப் போட்டவனானான். மூன்றாவது யார் என்பது எண்ணி முடித்த பிறகு தெரிகிற விஷயம்.

இதை வைத்துக்கொண்டு நம் நண்பர்கள் சந்தோஷப்பட முடியாது. அ.தி.மு.க. சிறு கூட்டமாக முளைத்து வளர்ந்த கட்சியல்ல. ஊர்தோறும் மன்றங்கள் இருந்த, ஒரு பெரிய கட்சியின் உடைந்த பாகம். உடைகிறவன் பாதி வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் மூன்றாம் இடத்தில் அதிக நாள் இருக்கமாட்டான். இது 1977இல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தேர்தல் நான்கு முனைப் போட்டி. அ.தி.மு.க. சுமார் 30 சதவிகிதத்தில் 130 இடங்களைப் பிடித்தது. தி.மு.க. 25 சதவிகிதம், 48 இடங்கள். காங்கிரஸ் 17.5 சதவிகிதம், 27. ஜனதா 16.7 சதவிகிதம், 10. கடைசி இரண்டையும் கூட்டினால் 34 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. காமராஜின் கட்சி 1971இல் தனியாக வாங்கியதற்கு ஏறக்குறைய சமம். அதே ஆட்கள்தான் போட்டார்கள் என்று சாதிக்க முடியாது. ஆனால் காமராஜ் 1975இல் மறைந்த பிறகு அந்தக் கட்சியில் ஒரு பகுதி இந்திரா காங்கிரசிலும் மறுபகுதி ஜனதாவிலும் போய்ச் சேர்ந்தது உண்மை. சேர்ந்திருந்தால் முதலிடத்துக்கே போட்டியிடக்கூடிய ஓட்டு, பிளந்து நின்றதால் மூன்றாவதும் நான்காவதுமாயிற்று. பின்னால் கல்லில் செதுக்கியதுபோல நிலைத்த இரு கட்சி அமைப்பு, பத்தில் மூன்று பேர் தந்த ஓட்டில், நாலு பேர் மோதிய களத்தில் உருவானது.

மூன்றாம் இடத்திலிருந்து மேலே வர இன்னொரு வழி உண்டு. அது மெதுவான வழி. தி.மு.க. 1957இல் முதல்முறையாகப் போட்டியிட்டு 15 இடங்களில் ஜெயித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் அதற்கு விழுந்த ஓட்டெல்லாம் பெரியவர் கணக்கில் பாறைக்குப் போனவை. 1962இல் 50 இடங்கள். ஆனால் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். 1967இல் ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்டுகள் முதலானோரோடு தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு நின்றபோது 137 இடங்கள். அந்தத் தேர்தலில் காங்கிரசுக்கு 41.1 சதவிகிதம், தி.மு.க.வுக்கு 40.7. ஓட்டில் பின்தங்கியவர் ஆட்சியைப் பிடித்தார். பிரிட்டனில் தொழிற்கட்சியும் இப்படித்தான் நுழைந்தது: 1903இல் லிபரல்களோடு ரகசிய உடன்பாடு, 1906இல் 29 இடங்கள். பிறகு லிபரல்களையே அது மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. 1983இல் லிபரல்களும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து 25.4 சதவிகிதம் வாங்கிக் கண்டது 23 இடங்கள், தொழிற்கட்சி 27.6 சதவிகிதத்துக்கு 209.

நம் ஊரிலும் இந்தச் சிதறலுக்கு உதாரணம் உண்டு. 1996இல் வைகோவின் ம.தி.மு.க.வுக்கு 6 சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவாக விழுந்தும் ஓர் இடம்கூட இல்லை. 2006இல் விஜயகாந்தின் தே.மு.தி.க. 8.4 சதவிகிதம் வாங்கி விருத்தாசலம் ஒன்றை மட்டும் பிடித்தது. இங்கே கணக்கை மூடிவிட்டால் பெரியவர் ஜெயித்தார். ஆனால் கணக்கு மூடவில்லை. அந்த 8.4ஐக் காட்டித்தான் 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் 41 தொகுதிகள் வாங்கினார்கள். 29இல் ஜெயித்தார்கள். தி.மு.க.வே 23இல் நின்றுவிட்டதால் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து நின்றபோது எல்லா இடத்திலும் தோல்வி. உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போயிற்று.

நான் வேலை பார்க்கிற இடத்தில் டெபாசிட் என்றால் வேறு அர்த்தம். போட்டவன் வந்து கேட்டால் வட்டியோடு தருவோம். மூன்றாம் கட்சிக்குப் போடுகிற ஓட்டும் ஒரு டெபாசிட்தான். போடுகிறவன் ஒருவன், எடுக்கிறவன் இன்னொருவன் என்பதுதான் வித்தியாசம். 2006இல் இரண்டு கட்சிகளும் வேண்டாம் என்று போட்ட ஓட்டு, 2011இல் அந்த இரண்டில் ஒன்றை அரியணையில் ஏற்றப் பயன்பட்டது. அது வீணாகவில்லை, போட்டவன் நினைத்த இடத்தில் செலவாகவில்லை, அவ்வளவே. என் ஓட்டு வீணாகிறதா என்பதைவிட, அதை யார், எப்போது, எங்கே மாற்றிக்கொள்ளப்போகிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 'கை சுத்தம்' என்கிற நண்பர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கை சுத்தம் மட்டும் போதுமென்றால், யாருக்கும் இல்லை என்று அழுத்த 2013லிருந்து ஒரு பட்டன் இருக்கிறது. மூன்றாமவருக்குப் போடுவது அதிகாரத்தில் பங்கு கேட்கிற காரியம். கேட்டுவிட்டு, கேட்டது எங்கே போயிற்று என்று பார்க்காமல் வீட்டுக்குப் போவது சுத்தமாகாது.

பெரியவர் விடுகிற பிழை வேறு. மாநிலம் முழுக்க யார் மூன்றாவது என்பதை வைத்துத் தன் தொகுதியைப் பார்க்கிறார். 2016இல் மக்கள் நலக் கூட்டணிக்கு மாநிலத்தில் ஓர் இடமும் இல்லை. ஆனால் காட்டுமன்னார்கோயிலில் அதன் வேட்பாளர் திருமாவளவன் 87 ஓட்டில்தான் அ.தி.மு.க.விடம் தோற்றார். அங்கே மூன்றாவதாக வந்தவர் தி.மு.க. கூட்டணியில் நின்ற காங்கிரஸ்காரர். திருமாவளவனை விரும்பியும், 'ஜெயிக்கிற பக்கம்' என்று அங்கே கூட்டணிக்குப் போட்டவர்கள் நூறு பேர் இருந்திருந்தால், ஓட்டை வீணாக்கியது அவர்கள்தாம்.

அடுத்த முறை அவர் வந்தால் இதைச் சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பூண்டு போடுகிறவர் மலை முழுவதையும் பார்த்து ஊன்றுவதில்லை. தன் படியில் எத்தனை மண் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஊன்றுகிறார். விளைந்ததை வடுகபட்டிச் சந்தையில் யார் எடுக்கிறார், என்ன விலைக்கு என்றும் தவறாமல் விசாரிக்கிறார். ஓட்டு விஷயத்தில் மட்டும் ஏன் இந்த இரண்டையும் நாம் விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.